காலண்டர் தாளில் இரண்டு ‘ஸ்ரீ’

ஆடி பிறந்துவிட்டால் சிவகாசி டிடிபி அறைகளில் கீபோர்டுச் சத்தம் ஓயாது. ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பம் வந்தாக வேண்டுமே! ஆப்செட் இயந்திரம் ஓடுவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வாங்க, இன்றைக்குக் கணினிக் கோப்பின் வயிற்றுக்குள் இறங்கிவிடுவோம்!

திரையில் தெரியும் ‘அ’ உள்ளே வெறும் ஓர் எண். யூனிகோடு என்ற உலகப் பொதுத் தரத்தில் அது 2949. பாமினி எழுத்துருவில் 109. அது ஆங்கிலச் சின்ன ‘எம்’முக்கு உரிய இடம்! அந்த ‘எம்’மின் மேல் ‘அ’ உருவத்தைப் போர்த்திவிடுகிறது பாமினி. வாடிக்கையாளர் வாட்ஸாப்பில் யூனிகோடில் அனுப்பிய கடை முகவரியை பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளில் அப்படியே ஒட்டினால் கேள்விக்குறியாகக் கொட்டும். 2001இல் வந்த பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்புக்குக்கூட யூனிகோடு தெரியாது. நடுவில் யூனிகோடை பாமினியாக மாற்றும் கன்வெர்ட்டர் வேண்டும்.

அந்தக் கன்வெர்ட்டர் படும் பாட்டைப் பாருங்கள்! ‘கொ’வை பாமினி கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் வைக்கிறது: கொம்பு, க, கால். யூனிகோடில் க முதலில், ஒகரக்குறி பிறகு. அந்தக் குறியையும் ஒரே எண்ணாக எழுதலாம், இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று தரமே சொல்லிவிடுகிறது, அங்கே பிழைத்தோம்.

எழுத்துக்கு எண் கொடுக்கும் குறியாக்கமாகத் தமிழக அரசு 1999இல் டேம், டேப் என்றது. 2010இல் யூனிகோடையும் டேஸ்16ஐயும் ஏற்றது. ஆனால் அச்சகத்தில் சேர்ந்துவிட்ட பழைய கோப்புகளை எந்த அரசாணையும் மாற்றி எழுதாது.

மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் உலகத்திலும் பழையதும் புதியதும் ஒட்டாத இதே கூத்துதான். சி++ நிரல்மொழியின் சி++11 தரம் எழுத்துச் சரங்களுக்குப் புதிய நிபந்தனை விதித்ததால், 2015இல் வந்த ஜிசிசி 5 கம்பைலர் சரத்தின் உள்ளமைப்பையே மாற்றியது. மூலநிரல் அதேதான்; ஆனால் முன்பு கம்பைல் செய்து வைத்ததோடு புதியது ஒட்டவில்லை. ஜிசிசிக்காரர்கள் பழையது, புதியது இரண்டையும் ஒரே நூலகத்துக்குள் வைத்தே வெளியிட்டார்கள். எவ்வளவு பெரிய மனசு!

காலண்டருக்கே திரும்புவோம், இனிதான் உச்சம். ‘ஸ்ரீ பத்ரகாளியம்மன் துணை’ என்று அடிக்கிறார்களே, அந்த ‘ஸ்ரீ’யை 3000 என்ற எண்ணுள்ள ‘ஸ’வில் தொடங்கலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த, 2998 என்ற எண்ணுள்ள ‘ஶ’விலும் தொடங்கலாம். தாளில் அச்சு அசலாக ஒன்றே! ஆனால் இவை சமம் என்று தரம் சொல்லவில்லை. கோப்பில் ஒன்றைத் தேடினால் மற்றது சிக்காது. முகவரிப் பட்டியலில் ‘ஸ்ரீ’ கடைகள் இருந்தால் இரண்டு விதமாகவும் தேடிவிட்டு அச்சுப் பிளேட்டுக்கு அனுப்புங்கள்.