பொம்மையின் விலையும் மதிப்பும்

தில்லியில் உடன் வாழும் என் தமக்கை மகன், கைகால் அசையும் வீரப் பொம்மை ஒன்றிற்கு அரைமாத வாடகையைக் கொடுக்க முற்பட்டான். 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்றான். தமிழாக்க முயன்று தோற்றேன். "நாளை பன்மடங்கு விலை போகும், மாமா" என்றான்.

அக்கூற்று பாதி உண்மை. 1978-இல் அமெரிக்காவின் கென்னர் நிறுவனம் விற்ற 'ஸ்டார் வார்ஸ்' பொம்மைகளைச் சிறுவர் உறை கிழித்து ஆடினர், உடைத்தனர், தொலைத்தனர். ஆதலின் உறை பிரியாத சில இன்று அரியவாயின. அந்நிறுவனத்தின் ஏவுகணை பாய்ச்சும் போபா ஃபெட் மாதிரிப் பொம்மையோ, குழந்தைகளின் தொண்டையில் சிக்குமென்ற அச்சத்தால் கடைக்கே வரவில்லை. அத்தகைய மாதிரி ஒன்று 2024-இல் 5,25,000 டாலருக்கு ஏலம் போயிற்று.

இன்றோ வாங்குவோர் பலரும் உறையோடு காக்கின்றனர். பலரும் காப்பது எங்ஙனம் அரிதாகும்? 'குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்டது' என அச்சிட்டிருப்பின், அவ்வெண்ணிக்கை யாதெனக் காண வேண்டும். விற்பவர் கேட்பது விலையன்று. விற்று முடிந்ததே விலை. மிக மலிவாயின் போலியோ என ஐயுறுக. மூட்டுகள் தளராதிருத்தல் வேண்டும். நம் வெயிலில் பிளாஸ்டிக் மஞ்சளிக்கும் என்பதையும் கணக்கிற் கொள்ளுக.

சென்னை எம்.ஆர்.எஃப். குழுமத்தைச் சேர்ந்த ஃபன்ஸ்கூல் முன்னர் இந்தியாவில் செய்த ஜி.ஐ. ஜோ பொம்மைகளை, வண்ணம் மாறியிருப்பதாலேயே அயல்நாட்டார் தேடுகின்றனர். ஊரிலுள்ள வீட்டுப் பரணில் கிடப்பின் எறிந்துவிடாதீர்.

மருமகன் வாங்கியே விட்டான். மறுநாளே உறையைப் பிரித்து மேசைமேல் நிறுத்தினான். அந்த அளவில் பணம் வீண்போகவில்லை என்றே எனக்குத் தோன்றிற்று.