நர்ஸுகளைக் கணக்கிடும் வகை

ஐக்கிய சங்கங்களைப் பரிசோதனை செய்யுங்கால் அங்கத்தினர் ஜாபிதாவை மட்டும் நாம் நம்புவதில்லை. காலஞ்சென்றவர், ஊரை விட்டுப் போனவர் பெயர்களும் அதில் நீக்கப்படாமல் இருக்கும். ஒரு தேசத்தின் நர்ஸுகளை எண்ணுவதும் அவ்வாறே. ரிஜிஸ்தரில் பெயர் இருந்தால் போதாது. வேலையை விட்டவர்களையும் அயல்நாடு சென்றவர்களையும் கழித்து, நோயாளிகளுக்கு உள்ளபடியே சிகிச்சை உதவி செய்பவர்களைக் கொண்டே ஜனத்தொகைக்கு விகிதம் காணவேண்டும்.

ஸர் ஜோஸப் போர் என்பவரின் தலைமையில் அமைந்த கமிட்டியார் 1946-ம் வருஷத்து அறிக்கையில், பிரிட்டிஷ் இந்தியாவில் சுமார் 7,000 நர்ஸுகளே உளர் என்றும், 43,000 ஜனங்களுக்கு ஒருவர் வீதம் ஆகிறதென்றும் கண்டனர். பிரிட்டனிலோ 300 பேருக்கு ஒருவர். ஆயிரம் பேர் வசிக்கும் கிராமங்கள் நாற்பத்து மூன்றுக்கும் சேர்த்து ஒரே நர்ஸ் என்று வைத்துப் பார்த்தால் இக்குறை நன்கு விளங்கும். 1971-க்குள் 500 பேருக்கு ஒருவர் வேண்டுமெனக் கமிட்டியார் சிபார்சு செய்தனர்.

இதில் வேறொரு சூக்ஷ்மமும் உண்டு. இரவும் பகலும் ஒரு நர்ஸ் வார்டில் இருப்பதற்கு, எட்டு மணி நேர முறைப்படி மூவர் வேண்டும்; ஓய்வு நாளை உத்தேசித்தால் நாலாமவரும் அவசியம். ஆகையால் ஜில்லாவில் இத்தனை நர்ஸுகள் என்று எவரேனும் கூறினால், அவர்களில் எத்தனை பேர் நம் பிர்க்காவில் இரவு வேலை பார்க்கிறார்கள் என்று அங்கத்தினர்கள் விசாரிக்கலாம்.