கெபாசிட்டர் ஏன் உப்புகிறது?

நூற்பாலையோ வார்ப்பாலையோ, மோட்டார்களுக்கு டிரைவ் மாட்டியதும் மின்சாரம் மிச்சமாகும். கூடவே, அதுவரை தொந்தரவில்லாமல் இருந்த கெபாசிட்டர் பேனல் சூடாகி, கெபாசிட்டர்கள் ஒவ்வொன்றாக உப்பத் தொடங்குவதும் உண்டு. பழி பெரும்பாலும் கெபாசிட்டர் தயாரித்தவர் மேல் விழும். உண்மைக் காரணம் ஹார்மோனிக்ஸ்.

மின்வலையில் வருவது நொடிக்கு 50 முறை ஏறி இறங்கும் அலை. டிரைவின் முகப்பில் உள்ள ஆறு டயோடுகள் அதை நேர்மின்சாரமாக மாற்றும்போது, மின்னோட்டத்தைச் சீராக இழுக்காமல் துண்டு துண்டாக இழுக்கின்றன. அந்த உடைந்த வடிவத்தைப் பிரித்துப் பார்த்தால் 50 ஹெர்ட்ஸோடு 250, 350, 550, 650 என்று அதன் மடங்குகளும் கலந்திருக்கும். இவைதான் ஹார்மோனிக்ஸ்.

அதிர்வெண் கூடக்கூட டிரான்ஸ்ஃபார்மரின் மறுப்பு ஏறும். கெபாசிட்டரின் மறுப்பு இறங்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் ஒத்ததிர்வு. அங்கே சிறிய ஹார்மோனிக் மின்னோட்டமும் பல மடங்காகப் பெருகும். அந்த இடத்தைக் காகிதத்திலேயே கண்டுபிடிக்கலாம். 1000 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், இம்பீடன்ஸ் 5 சதவீதம் என்றால் அதன் ஷார்ட் சர்க்யூட் திறன் 20,000 கேவிஏ. அதை 400 கேவிஏஆர் கெபாசிட்டரால் வகுத்தால் 50. வர்க்கமூலம் ஏறத்தாழ 7. அதாவது 350 ஹெர்ட்ஸ். பவர் ஃபேக்டர் போதவில்லை என்று இன்னொரு 400 சேர்த்தால் விடை சரியாக 5. டிரைவ் கிளப்பும் மடங்குகளில் பெரியதே ஐந்தாவதுதான்! தானியங்கி பேனல் கெபாசிட்டர்களைச் சேர்த்தும் கழற்றியும் விடுவதால் ஒத்ததிர்வும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். கோளாறு சில மணி நேரம் தலைகாட்டி மறைவது இதனால்தான்.

வழக்கமான மருந்து, கெபாசிட்டரோடு தொடராக 7 சதவீத டீட்யூன்டு ரியாக்டர். அந்த இணை 189 ஹெர்ட்ஸுக்கு இசைந்திருப்பதால் 250-லும் அதற்கு மேலும் ஒத்ததிர்வு எழாது. ஆனால் கெபாசிட்டர் மேல் வோல்டேஜ் உயரும். பழைய 440 வோல்ட் கெபாசிட்டரையே வைத்துச் சமாளிப்பது வீண் சிக்கனம்.

ரியாக்டர் பெருக்கத்தைத் தடுக்குமே தவிர ஹார்மோனிக்ஸைப் பெரிதாகக் குறைக்காது. குறைக்க வேண்டுமானால் 12 பல்ஸ் டிரைவ், அல்லது எதிர் மின்னோட்டம் செலுத்தும் ஆக்டிவ் ஃபில்டர். மத்திய மின்சார ஆணையத்தின் 2007 இணைப்பு விதிகள், பெருநுகர்வோர் இணைப்புப் புள்ளியில் வோல்டேஜ் திரிபை 5 சதவீதத்துக்குள்ளும் மின்னோட்டத் திரிபை 8 சதவீதத்துக்குள்ளும் நிறுத்தின.

விலை கேட்பதற்கு முன் அளந்துவிடுவது நல்லது, அதுவும் முழு லோடில். ஞாயிற்றுக்கிழமை பாதி மெஷின்கள் நின்றிருக்கும்போது அளந்தால் சதவீதம் பயமுறுத்தும். ஆம்பியர் கணக்கில் அது அற்பமாக இருக்கலாம்.