சாவி யாரிடம்?

பள்ளிக்கூடத்து டேப்லெட்டுகளைக் கட்டிக் காப்பது எப்படி?

டேப்லெட் என்றால் முன்பெல்லாம் மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரைதான். இன்றைய பள்ளிப் பிள்ளைகளுக்கு அது வேறு பொருள். சிலேட்டு அளவில் இருக்கும் சின்னக் கணினி அது. விரலால் தொட்டால் படம் வரும். பாடம் வரும். கணக்கும் போடலாம்.

பிள்ளைக்கு ஒன்று வாங்கித்தர எல்லாப் பள்ளிகளாலும் முடியுமா? முடியாது. அதனால் பல பள்ளிகளில் முப்பதோ நாற்பதோ வாங்கி, எல்லா வகுப்புகளுக்கும் பொதுவாக வைக்கிறார்கள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

"செவ்வாய்க்கிழமை இரண்டாவது பீரியடு எனக்கு வேண்டும்" என்கிறார் அறிவியல் ஆசிரியர்.

"அதே பீரியடுக்கு நானும் சொல்லி வைத்திருந்தேனே!" என்கிறார் கணக்கு ஆசிரியர்.

ஒருவழியாகப் பேசி முடித்து அலமாரிக்குப் போனால், பூட்டியிருக்கிறது. சாவி வைத்திருப்பவர் அன்று விடுப்பு! மாற்றுச் சாவி தேடித் திறந்தால், 30-க்கு 26 தான் இருக்கிறது. அதிலும் ஐந்தில் சார்ஜ் இல்லை. மீதி நான்கு எங்கே? "போன வாரமே திருப்பிக் கொடுத்துவிட்டேனே" என்கிறார் தமிழ் ஆசிரியை. கொடுத்ததற்கும் எழுத்து இல்லை. வாங்கியதற்கும் எழுத்து இல்லை.

45 நிமிடப் பாடத்தில் 15 நிமிடம் போயே போய்விட்டது. பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்.

பெரிய நகரம் பட்ட பாடு

பொறுப்பு யாருக்கு என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் பெரிய நகரங்களும் தடுமாறும். அமெரிக்காவில் நடந்த கதை ஒன்று உண்டு.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பள்ளி நிர்வாகம் அந்த நாட்டிலேயே இரண்டாவது பெரியது. அப்போது ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு ஐபேட் கொடுப்பது என்று 2013-ம் ஆண்டு முடிவு செய்தார்கள். பாடங்களையும் சேர்த்து ஒன்றின் விலை 678 டாலர். மொத்தச் செலவு 100 கோடி டாலரைத் தாண்டும் என்று கணக்கிட்டார்கள்.

பிள்ளைகள் வேண்டாத இடங்களுக்குப் போகாமலிருக்க ஐபேட்டில் தடுப்பு வைத்திருந்தார்கள். கொடுத்துச் சில வாரங்கள்கூட ஆகவில்லை. ஒரு பள்ளியில் மட்டும் சுமார் 300 மாணவர்கள் அந்தத் தடுப்பை நீக்கிவிட்டார்கள்! பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உள்ளே இருந்த ஓர் அமைப்பை அழித்தார்கள், வழி திறந்துகொண்டது. வீட்டுக்கு எடுத்துப் போவதை நிர்வாகம் நிறுத்திவைத்தது.

இன்னொரு கேள்வியும் எழுந்தது. உடைந்தால், தொலைந்தால் பணம் கட்டுவது யார்? பெற்றோரா, பள்ளியா? எல்லாப் பள்ளிகளிலும் ஒரே பதில் கிடைக்கவில்லை. ஒப்பந்தத்தைப் பற்றியும் பாடங்களைப் பற்றியும் புகார்கள் கிளம்பின. 2014-ல் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது.

ஆளுக்கொன்று கொடுத்த இடத்திலேயே இந்தக் குழப்பம் என்றால், ஒன்றைப் பத்துப் பேர் தொடும் பள்ளியில் எவ்வளவு கவனம் வேண்டும்!

எண்ணும் நோட்டும்

முதல் வேலை, ஒவ்வொரு டேப்லெட்டுக்கும் ஓர் எண் ஒட்டுவது. முதுகில் பெரிதாக இருக்க வேண்டும். அலமாரியில் அதை வைக்கும் தட்டுக்கும் அதே எண். ஏழாம் எண் தட்டு காலியாக இருந்தால், ஏழாம் எண் டேப்லெட் வரவில்லை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.

வகுப்பில் வரிசை எண் 7 உள்ள மாணவிக்கு எப்போதும் 7-ம் எண் டேப்லெட்தான். அறிவியலானாலும் தமிழானாலும் அதேதான். திரையில் கீறல் விழுந்தால் எந்தெந்த வகுப்பின் கையில் இருந்தது என்று நோட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

நோட்டில் தேதி, பீரியடு, வகுப்பு, எடுத்தவை எத்தனை, திரும்பியவை எத்தனை, ஆசிரியர் கையெழுத்து என ஆறு கட்டங்கள் போதும். எந்தப் பாடத்துக்கு எந்த நாள் என்ற அட்டவணை ஆசிரியர் அறையில் தொங்க வேண்டும். முதலில் பெயர் எழுதியவருக்கு முதல் உரிமை. தேர்வு வந்தால் தேர்வுக்கு முதலிடம். இதைத் தலைமை ஆசிரியர் ஒருமுறை அறிவித்துவிட்டால் தகராறுக்கு இடமில்லை.

சாவி ஒருவரிடம் இருக்கட்டும். அவர் வராத நாளில் யாரிடம் என்பதும் எழுதியிருக்கட்டும்.

பிள்ளையின் ரகசியம்

காணாமல் போவது டேப்லெட் மட்டும்தானா? இல்லை. பிள்ளையின் உழைப்பும் காணாமல் போகும்.

காலையில் ஒரு சிறுமி கட்டுரை எழுதுகிறாள். கணக்கை மூடாமல் வைத்துவிட்டுப் போகிறாள். மத்தியானம் வேறு வகுப்புப் பையன் அதைத் திறக்கிறான். அவள் எழுதியது, எடுத்த படம், வாங்கிய மதிப்பெண் எல்லாம் அவன் கண்ணில் படுகிறது. விளையாட்டாக அழித்துவிட்டால் அவள் யாரிடம் போய் அழுவாள்?

இதற்கு வழி உண்டு. ஒரே அறையில் பலர் தங்கும் விடுதியில் ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு பூட்டு இருக்கிறதல்லவா? அதுபோல ஒரே டேப்லெட்டில் பலருக்குத் தனித்தனிக் கணக்கு வைக்கலாம். ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் 2012-ல் இந்த வசதி வந்தது. ஐபேட்டில் 2016-ல், பள்ளிகளுக்கென்றே வந்தது. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் அவரவர் வேலை மட்டும் திறக்கும். இந்த வசதி இல்லாத பழைய டேப்லெட்டானால், மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே கணக்கை மூடச் சொல்லும் பழக்கம் வேண்டும்.

ஒரு கை, ஒரு கட்டுப்பாடு

ஒவ்வொரு ஆசிரியரும் தமக்கு வேண்டிய செயலியை இஷ்டம்போல் ஏற்றினால் என்ன ஆகும்? இடம் நிரம்பிவிடும். டேப்லெட் நத்தையாய் நகரும். ஆகவே ஏற்றுவதும் நீக்குவதும் ஒருவர் கையில் இருக்க வேண்டும். மற்றவர்கள் வேண்டியதை எழுதிக் கொடுக்கலாம்.

அந்த ஒருவருக்கு உதவ 'எம்.டி.எம்.' என்ற முறை இருக்கிறது. ஒரு கணினியின் முன் உட்கார்ந்தபடியே எல்லா டேப்லெட்டுகளுக்கும் செயலி அனுப்பலாம். வேண்டாததைத் தடுக்கலாம். தொலைந்துபோனது இணையத்துக்கு வந்தால் அதைப் பூட்டியும் விடலாம்.

மின்சார விஷயத்திலும் அசட்டை கூடாது. இந்த பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. ஜன்னல் வெயிலில் வைக்கக்கூடாது. காற்றோட்டமில்லாத பெட்டியில் அடுக்கிச் சார்ஜ் போடக்கூடாது. முதுகு உப்பிய டேப்லெட்டை உடனே தனியே எடுத்து வைத்துவிட வேண்டும், சார்ஜும் போடக்கூடாது. உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக் கூடும்.

யாருக்காக இவ்வளவும்?

2020-ல் கொரோனா வந்து பள்ளிகள் மூடியபோது ஓர் உண்மை ஊருக்கெல்லாம் தெரிந்தது. வீட்டில் கருவி இருந்த பிள்ளை படித்தது. இல்லாத பிள்ளை பின்தங்கியது.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி டேப்லெட் ஒருநாள் கிடைக்காவிட்டால் நஷ்டமில்லை. சாயங்காலம் வீட்டில் பார்த்துக்கொள்ளும். இல்லாத வீட்டுப் பிள்ளைக்கோ வாரத்தில் அந்த ஒரு பீரியடுதான் கணக்கு. அலமாரி திறக்காத 15 நிமிடம் அந்தப் பிள்ளையின் கணக்கிலிருந்துதான் போகிறது.

ஒரு நோட்டு, முப்பது எண் சீட்டு, பொறுப்பான ஒருவர். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. உங்கள் பிள்ளையின் பள்ளியில் டேப்லெட் இருக்கிறதா? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மறக்காமல் கேளுங்கள்: சாவி யாரிடம்?