டிக்கெட் கையில்... மழை தலையில்!

பரவையிலிருந்து அகமதாபாத்துக்கு கிரிக்கெட் பார்க்கப் போக வேண்டும் என்றால் சும்மா இல்லை. மதுரைக்கு பஸ், மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு ராத்திரி ரயில், சென்னையிலிருந்து மறுபடியும் ஒரு நாளுக்கு மேல் ரயில். ஆபீஸில் லீவு, சாப்பாடு, ரூம் வாடகை எல்லாம் தனி. இத்தனையும் செய்துவிட்டுப் போய் உட்கார்ந்தால், ஒரு பந்துகூட வீசாமல் மழை கொட்டினால் எப்படி இருக்கும்?

2023 மே 28, ஞாயிற்றுக்கிழமை அதுதான் நடந்தது. ஐ.பி.எல் இறுதிப் போட்டி. சென்னை சூப்பர் கிங்ஸும் குஜராத் டைட்டன்ஸும் மோத வேண்டிய நாள். 'தோனிக்கு இதுதான் கடைசி மேட்ச்' என்ற பேச்சு பலமாக அடிபட்டதால், மஞ்சள் சட்டை போட்ட கூட்டம் அகமதாபாத்தை நிறைத்திருந்தது. தோனியை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே டிக்கெட் எடுத்தவர்கள் ஏராளம்.

இரவு 7.30 மணிக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம். டாஸ்கூட போட முடியவில்லை. நடுவில் மழை சற்று விட்டது. மைதானத்தை மூடியிருந்த தார்ப்பாயை எடுத்தார்கள். கூட்டம் ஆரவாரம் செய்தது. அடுத்த சில நிமிடங்களில் மீண்டும் மழை. ராத்திரி 11 மணி வாக்கில், 'ஆட்டம் நாளைக்கு' என்று அறிவித்துவிட்டார்கள். ஐ.பி.எல் இறுதிப் போட்டி ரிசர்வ் நாளுக்குத் தள்ளிப்போனது அதுவே முதல் முறை.

ஸ்டேஷனே படுக்கை

'டிக்கெட் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள், நாளைக்கும் செல்லும்' என்றார்கள். ஆனால், ரிட்டர்ன் ரயில் டிக்கெட் நாளைக்குச் செல்லாதே! திங்கட்கிழமை ஊர் திரும்ப புக் செய்தவர்களுக்கு இரண்டே வழி. ஒன்று, மேட்சை விட்டுவிட்டு ரயில் ஏறுவது. இல்லையென்றால், ரயிலை விட்டுவிட்டு இன்னொரு ராத்திரி அங்கேயே கிடப்பது. அன்று இரவு அகமதாபாத் ரயில் நிலையத்தில், மஞ்சள் சட்டையோடு தரையில் படுத்துத் தூங்கிய ரசிகர்களின் படங்கள் நாடு முழுக்கப் பரவின.

மறுநாளும் மழை விடவில்லை. சென்னைப் பையன் சாய் சுதர்சன் 47 பந்துகளில் 96 ரன் விளாச, குஜராத் 214 ரன் குவித்தது. சென்னை அணி மூன்று பந்துகள் ஆடியதும் மறுபடியும் கொட்டித் தீர்த்தது. நள்ளிரவு தாண்டித்தான் ஆட்டம் தொடர்ந்தது. 15 ஓவரில் 171 ரன் என்று இலக்கு மாறியது. ஆசையாகக் காத்திருந்த தோனியோ முதல் பந்திலேயே அவுட்!

கடைசி இரண்டு பந்துகளில் 10 ரன் தேவை. ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி அடித்து முடித்தபோது மணி ஒன்றரையைத் தாண்டியிருந்தது. சென்னைக்கு ஐந்தாவது கோப்பை. ஸ்டேஷனில் படுத்தவர்களுக்கு அந்த இரண்டு பந்துகள் போதும். ரயில் ஏறியவர்களுக்கு?

சேப்பாக்கத்தின் ஆறாத வடு

அகமதாபாத்தில் மறுநாள் என்று ஒன்று இருந்தது. 2004-ல் சேப்பாக்கத்தில் அதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட். கும்ப்ளே 13 விக்கெட் சாய்த்தார், சேவாக் 155 ரன் அடித்தார். வெற்றிக்கு 229 ரன் தேவை என்ற நிலையில், நான்காம் நாள் முடிவில் விக்கெட் இழப்பின்றி 19. மீதி 210 ரன், கையில் பத்து விக்கெட்.

அக்டோபர் 18, ஐந்தாம் நாள். நாள் முழுக்க மழை. ஒரு பந்துகூட வீசவில்லை, ஆட்டம் டிரா. அந்தத் தொடரை ஆஸ்திரேலியா 2-1 என்று வென்றது. இந்திய மண்ணில் 35 வருடங்களுக்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த தொடர் வெற்றி அது. ஐப்பசி மழையை யார் திட்ட முடியும்? சேப்பாக்கத்தில் சபிக்கப்படும் அதே மழைக்காகத்தானே மதுரைப் பக்கத்து வயல்கள் வானத்தைப் பார்த்துக் கிடக்கின்றன!

பணம் திரும்புமா?

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றால், கையில் இருக்கும் டிக்கெட் துண்டைக் காட்டி இன்னொரு ஆட்டம் பார்க்கும் வழக்கம் 19-ம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. அதற்கு 'ரெயின் செக்' என்றே பெயர். இங்கே 2025 மே 17 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் பெங்களூரு - கொல்கத்தா ஆட்டம் டாஸ்கூட போடாமல் ரத்தானபோது, டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள். ஆனால் ரயில் கட்டணத்தையும் ரூம் வாடகையையும் எவரும் தருவதில்லை.

வெளியூர் மேட்சுக்குக் கிளம்பும் முன்...

* அந்த ஆட்டத்துக்கு ரிசர்வ் நாள் உண்டா என்று பாருங்கள். ஐ.பி.எல் லீக் ஆட்டங்களுக்குக் கிடையாது. ஆளுக்கு ஒரு புள்ளியோடு முடிந்துவிடும்.

* ரிசர்வ் நாள் இருந்தால், ரிட்டர்ன் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளி எடுங்கள்.

* டிக்கெட் தாளை பிளாஸ்டிக் கவரில் வையுங்கள். நனைந்து கிழிந்தால் மறுநாள் கேட்டில் நீங்கள்தான் வாதாட வேண்டும்.

* ஆன்லைன் டிக்கெட்டுக்கான ரீஃபண்ட், புக் செய்தவர் கணக்குக்குத்தான் போகும். அடுத்தவரிடம் கூடுதல் விலைக்கு வாங்கினால் அந்தப் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

மழையை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் கடைசி இரண்டு பந்துகளை ரயிலில், சிக்னல் விட்டு விட்டு வரும் செல்போனில் பார்க்காமல் இருக்க, ஒரு நாள் கூடுதல் லீவு போதும்.