லேண்ட் ரோவர் சீரிஸ் 1: துருவும் சீரமைப்பும்

பிரிட்டனின் ரோவர் நிறுவனம் 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய வண்டி இது. போருக்குப் பிந்தைய எஃகுத் தட்டுப்பாட்டால் இதன் உடற்பகுதி அலுமினியக் கலவைத் தகடுகளால் ஆனது. அவை துருப்பிடிப்பதில்லை. அடிச்சட்டமோ எஃகு. பெட்டிபோல் மூடிய அந்தச் சட்டத்துக்குள் புகும் ஈரமும் சேறும் உள்ளிருந்தே அரிக்கின்றன. வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும்போதே உள்ளே எஃகு மெலிந்துபோயிருக்கும். இரு உலோகங்களும் தொடும் இடங்களில் ஈரம் நின்றால் அலுமினியம் வெண்பொடியாக உதிரும். அதனால் சீரமைப்பவர்கள் வண்டியை முழுவதும் கழற்றி, அரித்த பகுதியை வெட்டியெடுத்து, புது எஃகைப் பற்றவைக்கிறார்கள். பெரிய எஞ்சின் பொருத்தி மாற்றியமைப்போரும் உண்டு. ஆனால் சேகரிப்பாளர்கள் விரும்புவது, சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் தொழிற்சாலைப் பதிவோடு பொருந்தும் வண்டியை. அதனால் அவர்களுக்கு, நசுங்கிய பழைய தகட்டைத் தட்டி நிமிர்த்துவது புதிதாக ஒன்றை மாட்டுவதைவிட மேலான சீரமைப்பு.