சிவப்பு எழுத்து கொட்டினால் கடைசி வரியைப் பாருங்கள்

வெள்ளத்தை இடுபணித் தலைப்பாக எடுக்கும் மாணவருக்கு ராடார்ப் படம் பெரிய உதவி. 2014 டிசம்பரில் கிளந்தான் மூழ்கியதே, அந்த மாதிரி மழை நாள்களில் சாதாரணச் செயற்கைக்கோள் படத்தில் மேகம்தான் தெரியும். ராடார் அலை மேகத்தைத் தாண்டிப் போகும், இரவிலும் வேலை செய்யும். அதே 2014 ஏப்ரலில் ஐரோப்பா ஏவிய சென்டினல்-1ஏ எடுத்த படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அமைதியான நீர் அலையை வேறு பக்கம் திருப்பிவிடுவதால், வெள்ளம் கருப்பாகத் தெரியும்.

ஆனால் பல மாணவர்கள் அந்தக் கருப்பைப் பார்க்கும் இடம்வரை வருவதே இல்லை. பைத்தான் கருவியை நிறுவும்போதே திரை முழுக்கச் சிவப்பு எழுத்து கொட்டுகிறது. "எனக்கு இது வராது டீச்சர்" என்று தலைப்பையே மாற்றிவிடுகிறார்கள். பயப்படாதீங்க, அது பெரும்பாலும் உங்கள் பிழை அல்ல. பைத்தானின் பிழையும் அல்ல.

மின்ட்பை, பைரோசார், ஐசீ-2 ஆகிய மூன்றுமே அடியில் ஜிடால் என்ற நூலகத்தை நம்பியிருக்கின்றன. அது சி++ மொழியில் எழுதப்பட்டது. பிப் வழியாக ஜிடாலைக் கேட்டால், அது மூல நிரலைக் கொண்டுவந்து உங்கள் கணினியிலேயே தொகுக்கப் பார்க்கும். அதற்கு வேண்டிய தொகுப்பியும் நூலகமும் இல்லையென்றால் வேலை அங்கேயே நின்றுவிடும். கடைசி வரிகளில் 'ஜிடால்-கான்ஃபிக்' அல்லது 'விஷுவல் சி++' என்ற சொல் இருந்தால் இதுதான் காரணம். திரும்பத் திரும்பப் பிப் அடித்துப் பயனில்லை.

மினிஃபோர்ஜை நிறுவுங்கள். பயனர் கோப்புறையிலேயே நிறுவலாம் என்பதால் பள்ளிக் கணினியில் நிர்வாகி கடவுச்சொல் தேவைப்படாது. கோப்புறைப் பெயரில் இடைவெளி மட்டும் வேண்டாம். பிறகு புதிய சூழல் ஒன்றை உருவாக்கி, பைத்தான், ஜிடால், மின்ட்பை எல்லாவற்றையும் ஒரே கோண்டா கட்டளையில் கேளுங்கள். ஒவ்வொன்றாகக் கேட்டால் முதலில் வந்தது பின்னால் வருவதோடு ஒத்துப்போகாமல் போகலாம். சேர்த்துக் கேட்டால் ஒன்றோடொன்று பொருந்தும் பதிப்புகளை அதுவே தேடி எடுக்கும். அந்தச் சூழலுக்குள் மறுபடியும் பிப் வழியாக ஜிடாலைக் கொண்டுவந்தால் 'டிஎல்எல் லோட் ஃபெயில்ட்' வர வாய்ப்பு அதிகம். அப்படி வந்துவிட்டால் ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். சூழலை அழித்துப் புதிதாக உருவாக்குவதே விரைவு.

விண்டோஸில் ஐசீ-2 பொதி கிடைக்கவில்லை என்று வந்தால் எழுத்துப்பிழையைத் தேடாதீர்கள். கோண்டா-ஃபோர்ஜில் அது லினக்ஸுக்கும் மேக்குக்கும்தான் உண்டு. விண்டோஸுக்குள் உபுண்டுவை அமைத்து அங்கே நிறுவ வேண்டும்.

நிறுவிய பிறகு வரும் பிழைகள் வேறு வகை. 'நம்பையில் ஃப்ளோட் இல்லை' என்றால் கருவி பழையது, நம்பை புதியது. அந்தப் பெயரை நம்பை 1.24 நீக்கிவிட்டது. நம்பை 1-இல் தொகுக்கப்பட்டது 2-இல் ஓடாது என்று வந்தால், சூழலை உருவாக்கும்போதே நம்பை 2-க்குக் கீழே இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். 'ப்ரோஜ்.டிபி' காணவில்லை என்ற செய்தி கொஞ்சம் குறும்புக்காரத்தனமானது. முன்பு நிறுவிய வேறொரு வரைபட மென்பொருள் 'ப்ரோஜ்_லிப்' என்ற சூழல் மாறியைத் தன் பக்கம் திருப்பி வைத்திருக்கலாம். அந்த முனையத்தில் அதை நீக்கிவிட்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.

ஒரு விஷயம் ஆசிரியர்களுக்கு. நிலம் தாழ்வதைப் பல ஆண்டுப் படங்களில் அளக்கத்தான் மின்ட்பை. புவித்திருத்தம் செய்த படம் கையில் இருந்து, வெள்ளப் பரப்பை மட்டும் பிரிக்க வேண்டுமென்றால் ராஸ்டீரியோ போதும். அதன் பிப் பொதிக்குள்ளேயே ஜிடால் அடங்கியிருக்கிறது. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் மாணவரிடம் பெரிய கருவியைக் கொடுக்காதீர்கள். ஒரு கணினியில் எல்லாம் சரியாக ஓடியதும் அந்தச் சூழலைக் கோப்பாக ஏற்றுமதி செய்து விரலியில் வைத்துக்கொள்ளுங்கள். அதே இயங்குதளம் உள்ள மற்றக் கணினிகளுக்கு அந்தக் கோப்பே போதும்.